தெப்பத்தில் கற்கும் பாடம்

போடிநாயக்கனூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை நோக்கி அமைந்த ஊர்களுள் ஒன்று ராசிங்காபுரம். ஊருக்கு வெளியே வந்து மேற்கே நோக்கினால், நீலநிற மதில் போல மலைத்தொடர் எழுந்து நிற்பதைக் காணலாம். அதன் மேல் ஏலக்காய்த் தோட்டங்கள்; அவற்றைச் சூழ்ந்து அடர்ந்த காடுகள். ஏலமலை என்று அதனை அழைப்பர். காலையில் மலைமுகட்டில் முகில் தவழ்வதும், மாலையில் கதிரவன் அதன் பின்னே மறைவதும் அவ்வூர்ச் சிறுவர் நாள்தோறும் காணும் காட்சிகள்.

நாள்தோறும் காண்பதனாலேயே நாம் எண்ணிப் பார்க்க மறந்துவிடும் பொருள்கள் பல. மலையும் அவற்றுள் ஒன்று. ஏலச்செடி கடும் வெயிலைத் தாங்காது. உயர்ந்த மரங்களின் நிழலிலேதான் அது தழைக்கும். ஆகவே, மரங்கள் அழிந்தால் ஏலக்காயும் அழியும். போடிநாயக்கனூரில் நடைபெறும் ஏலக்காய் வாணிகமும், அதனை நம்பி வாழும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வும் தளரும். நீரின் செய்தியும் இத்தகையதே. மலைமேல் பெய்யும் மழையைக் காட்டின் உதிர்ந்த இலைகளும், வேர்கள் ஊடுருவிய மண்ணும் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கின்றன. பின்னர்ச் சிறிது சிறிதாக ஓடைகளில் கசியவிடுகின்றன. மரமற்ற சரிவிலோ மழைநீர் நில்லாது ஓடும். ஓடும்போது மண்ணையும் வாரிக்கொண்டு செல்லும். மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமே எஞ்சும்.

காட்டைக் காக்க வேண்டும் என்று எல்லோரும் கூறுகிறோம். ஆனால் எவ்வாறு காப்பது? காட்டின்மீது அன்பு இருந்தால் போதும் என்று சிலர் எண்ணலாம். ஆற்றில் விழுந்து தவிப்பவனைக் காப்பாற்றுவதற்குக் கரையில் நிற்பவனுக்கு இரக்கம் மட்டும் இருந்தால் போதுமா? நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதுபோலவே, காட்டைக் காப்பதும் பழகிப் பெற வேண்டிய ஒரு கலை. காட்டினுள் எவ்வாறு நடப்பது, எதனைக் கொண்டு செல்வது, எதனைத் தொடாமல் விடுவது, விலங்கின் தடத்தை எவ்வாறு அறிவது, தீயை எவ்வாறு தவிர்ப்பது என்பன எல்லாம் அக்கலையின் கூறுகள். இவற்றை வகுப்பறையில் படித்து ஓரளவு அறியலாம். காட்டிலேயே தங்கிப் பழகும்போதுதான் அவை கைவரும்.

இதனை உணர்ந்த நாடுகள் பலவற்றில் இளைஞர்களைச் சிறு துடுப்புப் படகுகளில் ஏற்றிக் காட்டு ஏரிகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். ‘கனூ’ எனப்படும் அப்படகு வட அமெரிக்காவின் தொல்குடி மக்கள் பூர்ச்ச மரத்தின் பட்டையைக் கொண்டு செய்து பயன்படுத்தியது. எடை குறைந்தது, இரைச்சல் இல்லாதது, ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குத் தோளில் சுமந்து செல்லத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மின்னசோட்டா மாநிலத்தின் வட எல்லையில், 10 இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டுப் பகுதி ஒன்று உள்ளது. ஏரிகள் நிறைந்த அப்பகுதிக்குள் ஒரு குழுவில் 9 பேருக்கு மேல் செல்லலாகாது. 4 படகுகளுக்கு மேல் கொண்டு போகலாகாது. தகர டப்பாக்களில் அடைத்த உணவையும் கண்ணாடிப் புட்டிகளையும் எடுத்துச் செல்லலாகாது. அங்கே செல்லும் இளைஞர் துடுப்பு வலிக்கக் கற்பதோடு, சென்ற சுவடு தெரியாமல் திரும்பி வரவும் கற்கின்றனர்.

அத்துணைத் தொலைவு செல்ல இயலாத நமக்கு, அதற்கு நிகரான பள்ளி ஒன்று அருகிலேயே உள்ளது. ராசிங்காபுரத்திலிருந்து தெற்கு நோக்கிக் கம்பம், கூடலூர் வழியாக மலையேறினால் குமுளி வரும். அதனை அடுத்தது தேக்கடி. அங்கே பெரியாற்று ஏரி விரிந்து கிடக்கிறது. கேரள மாநிலத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தினுள் அமைந்த அவ்வேரியில், மூங்கில் தெப்பத்தில் அமர்ந்து காட்டைக் காணும் ஒருநாள் பயணத்தை வனத்துறை நடத்தி வருகிறது.

அந்த ஏரி இயற்கையாகத் தோன்றியதன்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை, வறண்டு கிடந்த கிழக்குச் சீமைக்குத் திருப்பும் பொருட்டு 1887-ஆம் ஆண்டில் அணை கட்டத் தொடங்கினர். பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் 1895-ஆம் ஆண்டில் அவ்வேலை நிறைவேறியது. காட்டு நோய்களுக்குத் தொழிலாளர் பலர் பலியாயினர். மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கே இறங்கும் நீர், கம்பம் பள்ளத்தாக்கை வளமாக்கி வையையாற்றில் சேர்கிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் உழவர் அந்நீரை நம்பி வாழ்கின்றனர். நீரைத் தேக்குவது அணை. ஆனால் நீரைத் தருவது அணையைச் சூழ்ந்த காடு. இவ்வுண்மையை உணர்ந்தே 1899-ஆம் ஆண்டில் ஏரியைச் சூழ்ந்த காடு காப்புக் காடாக்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டில் அது புலிகள் காப்பகமாயிற்று. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

அங்கே நமக்கு வழிகாட்ட வருவோர் யாவர் என்பது அறியத்தக்கது. அவர்களுள் சிலர் ஒரு காலத்தில் அதே காட்டைக் களவாடி வாழ்ந்தவர்கள்! காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்பது அவர்கள் தொழிலாக இருந்தது. பட்டை முழுவதும் உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும். காவலர் கண்ணில் படாமல் நாட்கணக்கில் காட்டில் தங்குவர். பிடிபட்டால் சிறை செல்வர். வெளிவந்ததும் வேறு பிழைப்பின்றி மீண்டும் காட்டுக்கே செல்வர். தண்டனை மட்டும் இவர்களைத் திருத்தாது என்பதை வனத்துறை உணர்ந்தது. 1990-களின் பிற்பகுதியில், காட்டைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு மாற்றுத் தொழில் அளிக்கும் திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தபோது, இவர்களையே ஒரு குழுவாக அமைத்துக் காவலர்களாகவும் வழிகாட்டிகளாகவும் ஆக்கியது. எந்தப் பாதையில் திருடர் வருவர், எந்தப் பாறையடியில் தங்குவர் என்பதை இவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? பயணிகள் தரும் கட்டணத்தால் இவர்கள் குடும்பம் வாழ்கிறது. காட்டை அழித்த அறிவே காட்டைக் காக்கும் அறிவாயிற்று.

அப்பகுதியின் பெண்களும் பின்தங்கவில்லை. 2002-ஆம் ஆண்டு முதல் ‘வசந்த சேனை’ என்னும் பெயரில் அவர்கள் குழுக்களாகப் பிரிந்து, முறைவைத்துக் காட்டைச் சுற்றிக் காவல் புரிகின்றனர். இதற்கு அவர்கள் கூலி பெறுவதில்லை.

இனி, ராசிங்காபுரத்து மாணவர் சிலர் தம் ஆசிரியருடன் அத்தெப்பப் பயணத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். அவர்கள் அன்று என்ன கற்பர் என்பதைக் காண்போம்.

முதற்பாடம் புறப்படுமுன்பே தொடங்கிவிடுகிறது. வனத்துறையின் இசைவைப் பெறுதல் வேண்டும். ஒரு பயணத்தில் சிலரே செல்லலாம். உடை மரங்களின் நிறத்தோடு ஒத்த பச்சையாகவோ பழுப்பாகவோ இருத்தல் நலம். நறுமணத் தைலங்கள் பூசலாகாது; யானைக்கு மோப்ப ஆற்றல் மிகுதி. ஈரமண்ணில் அட்டைகள் மிகுதி. ஆதலால் துணியால் தைத்த நீண்ட அட்டைக்காலுறைகளை முழங்கால்வரை அணிந்துகொள்கின்றனர். பிளாஸ்டிக் பைகள் பின்தங்க வேண்டியவை. தின்பண்டத்தின் உப்புச் சுவை படிந்த பையை மானும் யானையும் உணவென்று விழுங்கும். அது குடலை அடைத்து உயிரைப் பறிக்கும். நாம் ஒரு நொடியில் எறியும் பை, ஓர் உயிருக்கு நஞ்சாக முடிகிறது.

இரண்டாம் பாடம் நடை. வழிகாட்டி முன்னே செல்கிறார். துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் உடன் வருகிறார். மாணவர் ஒருவர்பின் ஒருவராக, பழைய தடத்திலேயே நடக்கின்றனர். ஆளுக்கொரு வழியாக நடந்தால் இளஞ்செடிகள் மிதிபட்டுப் புதுப்பாதைகள் உண்டாகும். மழை அப்பாதைகளை அரித்து ஓடையாக்கிவிடும். பேச்சு அடங்குகிறது. அதுவரை கேளாத ஒலிகள் கேட்கத் தொடங்குகின்றன. வழிகாட்டி ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்றின் திசையை அறிகிறார். காற்று நம் பக்கமிருந்து விலங்கின் பக்கம் வீசினால் அது நம்மை முன்னரே அறிந்துகொள்ளும் அன்றோ?

சேற்றில் ஒரு பெரிய வட்டத் தடம் தெரிகிறது. “இது யானையின் முன்னங்கால் தடம்” என்கிறார் வழிகாட்டி. ஒரு கயிற்றால் அதன் சுற்றளவை அளக்கச் சொல்கிறார். அவ்வளவை இரட்டித்தால் யானையின் தோள் உயரம் ஏறக்குறையக் கிடைத்துவிடும்! யானையைக் காணாமலே அது குட்டியா, பெரிய யானையா என்று கூறிவிடலாம். சற்றுத் தொலைவில் ஒரு மரத்தின் பட்டையில் நீண்ட கீறல்கள் காணப்படுகின்றன. புலி தன் எல்லையைக் குறித்துச் சென்ற அடையாளம் அது. மனிதரின் கைவரிகளைப் போலவே ஒரு புலியின் வரிகள் மற்றொன்றன் வரிகளை ஒத்திரா. காட்டில் ஆங்காங்கே பொருத்தப்படும் தானியங்கி ஒளிப்படக் கருவிகளின் வழியே அவ்வரிகளை ஒப்பிட்டே இக்காலத்தில் புலிகளை எண்ணுகின்றனர். எத்தனை உள்ளன என்று அறியாத பொருளைக் காக்க இயலாது. ஆதலால் எண்ணுதலும் குறித்து வைத்தலும் காவலின் ஒரு பகுதியே.

ஏரிக்கரையில் மூங்கில் தெப்பங்கள் கட்டப்பட்டுள்ளன. மாணவர் அனைவரும் மிதவைச் சட்டையை அணிந்து அதன் வார்களை இறுக்கிக்கொள்கின்றனர். மூங்கிலின் உள்ளே கணுவுக்குக் கணு தடுப்புச் சுவர் உண்டு. ஒவ்வொரு கணுவிடையும் காற்று நிரம்பிய ஒரு மூடிய சிமிழ். ஓரிடத்தில் பிளவு உண்டானாலும் ஏனைய சிமிழ்களில் நீர் புகாது. தெப்பம் மிதந்துகொண்டே இருக்கும். ஆயினும் ஏறுவோர் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் வேண்டும். ஒருவர் அமர்ந்த பின்னரே மற்றொருவர் ஏற வேண்டும். எடை இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். வலப்புறம் யானை தோன்றினாலும் எல்லோரும் வலப்புறம் பாயலாகாது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் இதே ஏரியில் சுற்றுலாப் படகொன்று ஒருபுறமாகச் சாய்ந்து கவிழ்ந்ததில் 45 பேர் உயிரிழந்தனர். நீரின்மேல் ஒழுங்கு என்பது உயிரைக் காக்கும் கவசம் என்பதை அத்துயரம் நமக்கு உணர்த்துகிறது.

துடுப்புகள் ஒரே நேரத்தில் நீரில் தாழ்கின்றன. ஒரே நேரத்தில் எழுகின்றன. ஒருவன் தன் வலிமையைக் காட்ட விரைந்து வலித்தால் தெப்பம் நேராகச் செல்லாது, திரும்பிவிடும். எல்லோரும் ஒத்து வலித்தால் குறைந்த வலிமையிலேயே நெடுந்தொலைவு செல்லலாம். இயந்திரம் இல்லை, புகை இல்லை, எண்ணெய் நீரில் படிவதில்லை. கரையில் மேயும் மிளாமான்கள் தலையை உயர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் மேய்கின்றன. நீர்நாய்க் கூட்டம் ஒன்று மீனைத் துரத்திச் செல்கிறது. வானத்தில் இருவாய்ச்சிப் பறவை சிறகின் ஓசை கேட்கப் பறக்கிறது. பெரிய மரத்தின் பொந்தில் பெட்டையைக் கூட்டினுள் அடைத்து, சிறு துளை வழியே ஆண் உணவூட்டும் வியப்புக்குரிய பறவை அது. பழங்களைத் தின்று வித்துகளைப் பரப்புவதால், காட்டை நடும் உழவன் என்றே அதனைக் கூறலாம்.

ஏரியின் நடுவே கருநிற மரக்கட்டைகள் பல நிமிர்ந்து நிற்கின்றன. அணையால் நீர் உயர்ந்தபோது மூழ்கிய காட்டின் எச்சங்கள் அவை. ஒரு மாணவன் வழிகாட்டியை நோக்கி, “ஐயா, இம்மரங்கள் பட்டுப்போய் நூறாண்டுகளுக்கு மேலாயினவே! இவற்றை அகற்றிவிட்டால் தெப்பம் தடையின்றிச் செல்லுமே?” என்று கேட்கிறான்.

வழிகாட்டி புன்முறுவலுடன், “தம்பி, அக்கட்டையின் உச்சியைப் பார்” என்கிறார். அங்கே நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருக்கிறது. மற்றொரு கட்டையின்மேல் பாம்புத்தாராவின் கூடு. “மரம் செத்துவிட்டது என்பது நம் எண்ணம். பறவைக்கு அது இன்னும் வீடு. நமக்குப் பயனற்றது என்று தோன்றுவதெல்லாம் காட்டுக்குப் பயனற்றது அன்று. இதனை அறியப் பலருக்கு நெடுநாள் ஆயிற்று” என்கிறார்.

நண்பகலில் கரையிறங்கி உணவு உண்கின்றனர். அடுப்பு மூட்டுவதில்லை, கட்டிக்கொண்டு வந்த சோறே போதும். உண்டபின் ஒரு பருக்கையும் ஒரு தாளும் எஞ்சாமல் பையில் இட்டுக்கொள்கின்றனர். எஞ்சிய சோற்றைக் குரங்குக்கு இட விரும்பிய சிறுவனை ஆசிரியர் தடுக்கிறார். மனிதர் தரும் உணவைச் சுவைத்த விலங்கு தானே தேடித் தின்னும் வழக்கத்தை மறக்கும். பின்னர் மனிதரைத் துன்புறுத்தவும் துணியும். இரக்கம் என்று எண்ணிச் செய்வதும் சில வேளைகளில் தீங்காகிவிடுகிறது.

கரையில் தீ மூட்டாமைக்குக் காரணம் உண்டு. அக்காரணத்தைப் போடிநாயக்கனூர்ப் பகுதி மக்கள் மிக்க துயரத்துடன் கற்றிருக்கின்றனர். 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீ மூண்டது. கொழுக்குமலைப் பகுதிக்கு மலையேறச் சென்றிருந்த குழுவினர் அத்தீயில் சிக்கினர். குரங்கணி மக்களும் வனத்துறையினரும் பிறரும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். ஆயினும் 23 பேர் மாண்டனர். மலையழகைக் காணும் ஆவலுடன் வந்தவர்கள் அவர்கள். சென்ற பாதைக்கு உரிய இசைவு பெறப்படவில்லை என்று பின்னர் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைத் தமிழ்நாட்டு அரசு வகுத்தது.

கோடையில் மலைச்சரிவின் புல் உலர்ந்து வைக்கோல் போலாகிறது. ஒரு தீப்பொறி போதும். சமநிலத்தைக் காட்டிலும் சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைந்து பரவும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலெழுந்து, மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. ஆதலால் கீழே தீ வரும்போது மேல்நோக்கி ஓடுவோன் தீயை வெல்ல இயலாது. புல்லற்ற பாறைவெளியோ, நீர்நிலையோ, முன்னரே எரிந்து அடங்கிய நிலமோதான் ஓரளவு பாதுகாப்பான இடம். இதனால்தான் வனத்துறையினர் கோடைக்கு முன்னரே புல்லைச் செதுக்கி, மரங்களினூடே அகன்ற தீத்தடுப்புக் கோடுகளை அமைக்கின்றனர். தீ அக்கோட்டை அடைந்ததும் எரிபொருளின்றித் தணியும். தீக்காலத்தில் காட்டினுள் செல்லாமை, இசைவின்றி எக்காலத்தும் செல்லாமை, புகை கண்டதும் உடனே வனத்துறைக்கு அறிவித்தல் ஆகிய மூன்றும் மலையடிவாரத்தில் வாழும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய நெறிகள்.

மாலையில் தெப்பங்கள் கரையை அடைகின்றன. மாணவர் திரும்பிப் பார்க்கின்றனர். ஏரியில் அவர்கள் சென்ற வழி தெரியவில்லை. துடுப்பு கிழித்த நீர் மீண்டும் மூடிக்கொண்டது. கரையில் உணவுண்ட இடமும் வந்தபோது இருந்தவாறே இருக்கிறது. அதுவே அன்றைய தேர்வு. அதில் அவர்கள் தேறிவிட்டனர்.

எல்லா மாணவருக்கும் தேக்கடி செல்லும் வாய்ப்புக் கிட்டாமல் போகலாம். அதனால் குறைவில்லை. கற்ற கலையைப் பழகுவதற்கு ஊரின் கண்மாயும் மலையோடையும் போதும். நல்ல மழை பெய்த மறுநாள், மலையிலிருந்து வரும் ஓடைநீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து பாருங்கள். தெளிந்திருந்தால் மேலே காடு நலமாக உள்ளது என்று கொள்ளலாம். கலங்கிச் செந்நிறமாக இருந்தால், எங்கோ ஒரு சரிவு மரத்தையும் புல்லையும் இழந்து வருகிறது என்று ஐயுறலாம். அதனை நாளோடு குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் ஒப்பிடுங்கள். கண்மாயின் பறவைகளை எண்ணுங்கள். கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளைத் திரட்டி அகற்றுங்கள்.

மலை தொலைவில் உள்ளது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நாள்தோறும் நீராக நம் குடத்துக்குள் வருகிறது. மணமாக நம் உணவில் கலக்கிறது. காட்டைக் களவாடியவரே காவலராக மாறிய நாடு இது. களவு ஒன்றும் அறியாத இளமாணவர் அக்காவலைக் கற்பது அரிதோ?